ஐந்து என்று எழுதிய வெள்ளை டேப்

என் கருவிப் பெட்டியின் மூடிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு மருத்துவமனை டேப் ஒட்டியிருக்கிறது. நீல மையில் 5 என்ற எண், ஒரு தேதி, கோணலாக என் பெயர். அதைக் கொடுத்தவரை நான் நர்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அக்கா ஞாயிறுதோறும் தோழிகளோடு பத்துமலைவரை சைக்கிள் ஓட்டுவார். பழசாக வாங்கிய அவருடைய சைக்கிளில் சீட்டைத் தாங்கும் குழாய் கார்பன் இழையால் ஆனது. நான் சர்வீஸ் செய்து கொடுத்த நாள் முதல் சீட்டு கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. காரணம் நான்தான். இரும்புக் குழாய்க்குப் பூசுவதுபோல் கிரீஸ் பூசியிருந்தேன். கார்பன் அதில் வழுக்கும். அதற்கென்று மணல்போல் நறநறக்கும் பசை தனியாக உண்டு. அது எனக்குத் தெரியாது. ஆனால் குழாயை இறுக்கும் கிளாம்பில் ஐந்து நியூட்டன் மீட்டர் என்று, அதற்குமேல் இறுக்கக்கூடாத அளவு, பொடி எழுத்தில் இருந்தது தெரியும். அதன் பொருளைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் முதலாளியின் மேசை டிராயரில் கிடந்தது. எழுந்துபோய் எடுக்கவில்லை. மணிக்கட்டை நம்பினேன்.

மூன்றாவது தடவை அக்கா வந்தபோது இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன். டிக். பிஸ்கட் உடைவதுபோல் சின்னச் சத்தம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அக்கா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"இனி இறங்காதுல்ல?"

"இறங்காது அக்கா. நல்லா டைட் பண்ணிட்டேன்."

அவர் கையுறை போட்டார், ஹெல்மெட் வாரை மாட்டினார், கிளம்பினார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் ஓடினேன். முச்சந்தி சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது.

"அக்கா, ஓட்டாதீங்க. முறுக்கும்போது ஒரு சத்தம் கேட்டுச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே லா? எங்க வார்டுலயே என்னை அட்மிட் பண்ணப் பார்த்தியா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்குத் திரும்பினோம். குழாயை உருவிப் பார்த்தால் கிளாம்ப் கடித்த இடத்தில் முடிபோல் ஒரு கீறல். கண்ணைவிட நகத்துக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. உட்கார்ந்தபடி போகும்போது முறிந்திருந்தால் உடைந்த முனை உடம்பில் குத்தியிருக்கும். புதுக் குழாய் எடுத்தேன். சைக்கிள் சட்டத்துக்குள் இருந்த கிரீஸை முழுக்கத் துடைத்தேன், பசை தடவினேன், டார்க் ரெஞ்சை ஐந்தில் வைத்து மெதுவாகத் திருப்பினேன். டிக்.

அக்கா திடுக்கிட்டார். "மறுபடியுமா?"

"இல்லக்கா, இது போதும்னு ரெஞ்ச் சொல்ற சத்தம்."

அவர் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கிழித்துப் புதுக் குழாயில் ஒட்டினார். "வார்டுல மருந்து ஏத்தினா எவ்வளவு, எப்ப, யாருன்னு ஒட்டணும். எழுது."

எழுதினேன். இரண்டு வருடம் கழித்து சைக்கிளை விற்றபோது டேப்பை உரித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், அதன்பின் பார்க்கவில்லை. இப்போது ஒரு தொழிற்சாலையில் பரிசோதகராக இருக்கிறேன். தினமும் பல தாள்களில் அளவும் தேதியும் பெயரும் எழுதுகிறேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் டேப் கண்ணில் படும். எவ்வளவு, எப்போது, யார் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. அக்கா ஹெல்மெட் மாட்டி முடிக்கும்வரை நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றது மட்டும் இல்லை.