க்வயட் என்றால் வாயை மூடு

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சண்டை போட்ட இருவரில் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது. மற்றவர் வாயே திறக்க மாட்டார். ஆகவே முழுச் சண்டையையும் நானே நடத்திவைக்க வேண்டியிருந்தது.

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாடியில் இருந்த ஒற்றை அறையைப் பக்கத்திலிருந்த ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த மார்கழியில் வந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. வாயில் நுழையாத பெயர் என்பதால் எங்களுக்கு அவர் மாடியம்மா. வந்த மறுநாளே நாற்பது நாள் மௌனத்தைத் தொடங்கிவிட்டார். கழுத்தில் ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் தொங்கும். எதுவானாலும் எழுதித் தாளைக் கிழித்து நீட்டுவார். தாளின் பின்பக்கத்தில் எனக்காக ஒரு பூனையோ மயிலோ வரைந்திருப்பார்.

அப்பா ஆட்டோ ஓட்டினார். பயணிகளிடம் பேசிப் பேசி ஆங்கிலம் காதில் விழுந்தால் புரிந்துகொள்வார், படிக்கத் தெரியாது. அம்மாவுக்கு இரண்டும் கிடையாது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். போதாததற்கு, ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு பக்கம் பக்கமாக அடுக்கியிருந்த கைடு ஒன்றும் என்னிடம் இருந்தது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைத் தாராளமாகப் போடலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். டீச்சர் சொன்னால் எனக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

அம்மா இட்லி மாவு அரைத்துப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கிரைண்டர் ஓடத் தொடங்கிவிடும். மாடி அறைக்கு நேர் கீழே கிரைண்டர்.

ஒரு நாள் மாடியம்மா இறங்கி வந்து, கைகூப்பிவிட்டு ஒரு தாளைக் கொடுத்துச் சென்றார். காலை வேளையில் சற்று க்வயட்டாக இருந்தால் உதவியாக இருக்கும் என்பதுபோல் எழுதியிருந்தது. க்வயட்டுக்கு நான் கைடைப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் டீச்சர் தினமும் பத்து முறையாவது மேசையைத் தட்டி ‘கீப் க்வயட்’ என்பார்.

“காலையில நீ கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருக்கணுமாம்மா.”

அம்மா விடியற்காலைக் குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தையோடு ஊர்க்கதை பேசுவது வழக்கம். அதனால் வார்த்தை சரியான இடத்தில் போய்த் தைத்தது. முந்தின வாரம்தான் மாடியம்மாவின் சளிக்கு மிளகு ரசம் வைத்துக்கொண்டு மூன்று வேளையும் படியேறியிருந்தாள்.

“என் வீட்ல நான் பேசறதுக்கு இவங்கள கேக்கணுமா? நாங்க ஒண்ணும் ஊமை இல்லன்னு எழுதிக் குடு.”

ஊமைக்கு டம்ப் என்று கைடில் இருந்தது. நாங்கள் டம்ப் இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சொல்லுக்கு முட்டாள் என்றும் ஒரு பொருள் உண்டு, வெளிநாட்டார் அதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. படித்ததும் மாடியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பென்சில் முனை ஒடிய எழுதினார்: அப்படி நான் ஒருநாளும் நினைத்ததில்லை, நீங்கள் அனைவரும் மிகவும் க்ளவரானவர்கள்.

க்ளவருக்கு மூன்று சொற்கள் கிடைத்தன. அவற்றில் கன்னிங் என்பதே எனக்குப் பிடித்தமானது. பாடத்தில் நரி வரும்போதெல்லாம் அதுவும் கூடவே வரும்.

“நாம எல்லாருமே நரி மாதிரி தந்திரக்காரங்களாம்மா.”

சொல்லும்போது எனக்கே சற்று இடித்தது. ஆனால் அச்சில் வந்தது எப்படித் தப்பாகும்?

அம்மா கிரைண்டரை நிறுத்தினாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “ரூமைக் காலி பண்ணச் சொல்லு” என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது; இனி மயில் யார் வரைந்து தருவார்கள்? இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். காலிக்கு எம்ப்டி என்று பார்த்து, என் பங்குக்கு ஒரு ப்ளீஸ் சேர்த்து, அறையை எம்ப்டி செய்யுங்கள் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சற்று நேரத்தில் மாடியில் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம் என்று முணுமுணுத்தாள். பொறுக்க முடியாமல் என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போனாள்.

மொட்டை மாடியில் கட்டில், மேசை, பக்கெட், பெட்டி எல்லாம் வெயிலில் வரிசையாக நின்றன. உள்ளே ஒரு துரும்பு இல்லை. கூட்டித் துடைத்த வெறுந்தரையின் நடுவே மாடியம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் புன்னகைத்து, போதுமா என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு ஒரு தாளை நீட்டினார். ஒயிட்வாஷ் எப்போது என்று அதில் இருந்தது.

“வெள்ளையா தொவைக்கறது எப்பன்னு கேக்கறாங்க” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாகச் சந்தேகம் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்பாவை நேராக மாடிக்கே அழைத்துப்போனாள். நடந்ததையெல்லாம் கேட்ட அப்பா, எல்லாத் தாள்களையும் எடுத்துவரச் சொன்னார்.

“பாப்பா, நீ அர்த்தம் சொல்லாத. அவங்க எழுதினத ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே சத்தமா படி.”

படித்தேன். முதல் தாளிலேயே அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “உன்ன சொல்லல. கிரைண்டர் சத்தத்த கம்மி பண்ண முடியுமான்னு கேட்டிருக்காங்க” என்றார். க்ளவர் வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கெட்டிக்காரங்கன்னு சொல்லியிருக்காங்க. ரயில்வே கேட் மூடியிருந்தா நான் சந்துல பூந்து கொண்டுபோய் விடுவேன் இல்ல, அப்ப சவாரிங்க என்னையும் இதான் சொல்லுவாங்க. ரூமை எம்ப்டி பண்ணுன்னதும், சுண்ணாம்பு அடிக்கத்தான்னு நெனச்சு சாமானெல்லாம் வெளிய வச்சிருக்காங்க.”

அம்மா வெயிலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் மாடியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கிரைண்டர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்கு மாற்றியிருப்பேனே என்று உரிமையோடு தமிழிலேயே குறைபட்டுக்கொண்டாள். தமிழ் தெரியாதவருக்கு அது எப்படிப் புரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடியம்மாவும் தலையாட்டினார். நால்வருமாகக் கட்டிலை உள்ளே தூக்கிப் போட்டோம். அன்றே கிரைண்டர் ஷெட்டுக்குப் போனது. என் மொழிபெயர்ப்பு வேலையும் போனது. தாளைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அடுத்த வாரம் பள்ளியில் பரீட்சை நடந்தது. ஒரு கேள்வியில் பத்துச் சொற்கள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதே பொருளுள்ள சொல்லை எழுதச் சொல்லியிருந்தார்கள். க்ளவருக்கு நேரே கன்னிங் என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் டிக் போட்டு, பத்துக்குப் பத்து கொடுத்து, குட் என்றும் எழுதியிருந்தார். மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அந்த வரியைக் காட்டினேன். நான் சொன்னது சரிதான், அப்பாவுக்குத்தான் தெரியவில்லை என்றேன்.

அம்மா தாளை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மாடியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அம்மா விரல் வைத்த இடத்தைப் படித்தார். மௌனம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மௌனம் தொடங்கிய பிறகு அவருடைய குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அதைவிடச் சத்தமாகச் சிரித்தாள். பத்துக்குப் பத்து வாங்கியதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்காமல், தாளைத் திருப்பித் தருவார்களா என்று பார்த்தபடி நான் வாசலிலேயே நின்றேன்.