கையில் தெரிந்த பாரம்

அமலினியின் கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை அழுகிப் போயிருந்தது. பல் வைத்தியர் அதைப் பிடுங்கிவிட்டு, இவ்வளவு காலமும் நோவை எப்படிப் பொறுத்தாய் என்று கேட்டார். நோகவில்லை என்றாள். வைத்தியர் நம்பவில்லை. அவளைக் கூட்டிப் போயிருந்த சிஞ்ஞோரா ஒர்னெல்லா நம்பினார்.

சிஞ்ஞோரா இளைப்பாறிய ஆசிரியை. பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்பக்கம் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அமலினி பல வருடமாக அவர் வீட்டில் கூட்டித் துடைத்து, சமைத்து, உடுப்பு அயன் பண்ணிக் கொடுத்து வந்தாள். அவள் கோபித்தோ பயந்தோ அவர் பார்த்ததில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். அவ்வளவுதான்.

அன்று திரும்பி வரும்போது சிஞ்ஞோரா தன் கதையைச் சொன்னார். அவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவன். அதன்பிறகு இரண்டு வருடம் அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. பிறகு யாரோ ஒரு மலைவீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே தென்னமெரிக்கக் காட்டு மருந்து ஒன்று குடிக்கக் கொடுத்தார்கள். குடித்த அன்று மகன் செத்ததற்கு முதல்முறையாக அழுதாராம்.

"நீயும் ஒருமுறை வா. உனக்கு என்ன நடந்ததென்று நான் கேட்கமாட்டேன்" என்றார்.

அல்பெர்கேரியாப் பகுதியில் அவர்கள் இருந்த ஒற்றை அறை வீட்டில், சாப்பிடும்போது அமலினி இதைக் கணவனிடம் சொன்னாள். அல்பேட் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்பவன்.

"கஞ்சா மாதிரியோ?" என்று கேட்டான்.

"இல்லையாம். ஒரு கொடியும் இலையும் சேர்த்து அவிச்ச தண்ணியாம். அந்தக் காட்டுச் சனம் வருத்தத்துக்குக் குடிக்கிறதாம். இஞ்சை தடையாம்."

"தடையெண்டால் ஏன் போறாய்? பொலிஸ் பிடிச்சால் இஞ்சை இருக்க விடுற பெர்மெஸ்ஸோ போயிடும். உனக்குப் பயமில்லையோ?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்லையப்பா. அதுதான் போறன்."

அவர்கள் இருவரும் மன்னாரைச் சேர்ந்தவர்கள். அல்பேட் இத்தாலிக்கு வெளிக்கிட்டபோது அமலினி பிள்ளைத்தாச்சி. மகன் பிறந்ததும் ஜெனோஜன் என்று தொலைபேசியில் பெயர் சொன்னது அவன்தான். பிறகு சண்டை ஊருக்கு ஊர் பின்னால் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளும் சனத்தோடு சனமாக இடம் மாறி இடம் மாறி, கடைசியில் முல்லைத்தீவுக் கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு காலையில் செல் விழுந்து வெடித்தது. அவளுக்குக் காயமில்லை. பிள்ளை கையில் அப்படியே இருந்தான். நித்திரை என்று நினைத்து நடந்துகொண்டிருந்தாள். மத்தியானம்போல ஒரு மனிசி மறித்து, "தங்கச்சி, பிள்ளையை இஞ்சை தா" என்றாள். கொடுத்தாள். மணலில் தாட்டார்கள். அவள் அழவில்லை. முகாமிலும் அழவில்லை. விசா கிடைத்துப் பலெர்மோ விமான நிலையத்தில் அல்பேட் கட்டிப்பிடித்துக் குழறியபோது, அவன் முதுகைத் தடவிவிட்டபடி நின்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பிள்ளையைப் பற்றிக் கதைத்ததில்லை. அவன் கேட்கப் பயந்தான். அவள் சொல்ல மறுத்தாள் என்றில்லை. சொல்ல அவளிடம் எதுவும் இல்லாததுபோல இருந்தது. வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

மலைவீட்டுக்குப் போவதற்கு முந்திய வாரம் பன்றி இறைச்சி, சீஸ், வைன் எதுவும் தொடக்கூடாது என்றார்கள். வேறு மருந்து குடிக்கிறாயா, மனநோய்க் குளிசை ஏதும் போடுகிறாயா, இருதயத்தில் வருத்தம் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். சிஞ்ஞோரா காரில் கூட்டிப் போனார். ஒலிவ் மரங்களுக்கு நடுவே ஒரு கல்வீடு. பத்துப் பேரளவில் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மெத்தை, ஒரு போர்வை, சத்தி எடுக்க ஒரு வாளி. பெரு நாட்டில் பல காலம் இருந்து பழகிய ஒரு சிசிலிப் பெண்தான் நடத்தினாள். காலையிலேயே தொடங்கினார்கள்.

மருந்து மண்ணிறமாக, கூழ்போலத் தடிப்பாக இருந்தது. புளித்த கசாயத்தின் கசப்பு. அமலினி சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் குடித்தாள்.

அந்தப் பெண் பாடத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகச் சத்தி எடுத்தார்கள். ஒருவர் தாயைக் கூப்பிட்டு அழுதார். சிஞ்ஞோரா தலையை ஆட்டி ஆட்டி விம்மினார். அமலினியும் சத்தி எடுத்தாள். ஆனால் வேறொன்றும் நடக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் எழும்பி, பக்கத்திலிருந்தவரின் வாளியை வெளியே கொண்டுபோய் ஊற்றிக் கழுவி வைத்தாள். பிறகு அடுத்த வாளியைத் தூக்கினாள். நடத்துகிற பெண் வந்து அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினாள்.

"இன்றைக்கு நீ இங்கே வேலைக்கு வரவில்லை. இரு."

பிறகு இன்னொரு அரைக் கோப்பை கொடுத்தாள்.

அமலினி எதையும் காணவில்லை. கடற்கரையோ நெருப்போ சனமோ கண்ணுக்குள் வரவில்லை. இடது கைதான் மெல்ல மெல்லப் பாரமாகியது. முழங்கை மடிப்பில் ஒரு தலையின் சூடு. உள்ளங்கையில் ஈரத்துணியோடு ஒரு சின்னப் பின்பக்கம். அவள் கையை மடித்துப் பிடித்தாள். பாரம் அசையவில்லை. கை உளைந்தது. வெயில் யன்னலில் இறங்கும்வரை அப்படியே இருந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தபோது வலது கையால் வாங்கினாள். அழுகை வரவில்லை.

காரில் சிஞ்ஞோரா எதுவும் கேட்கவில்லை. கை வீட்டிலும் உளைந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. தமிழ்ப் பூசைக்குப் போய் வந்து, அல்பேட் மேசையில் றால் உரித்துக்கொண்டிருந்தான். அவள் இடது கையைத் தடவுவதைக் கண்டான்.

"என்ன கண்டனி அங்கை?"

"ஒண்டும் காணேல்லை. பாரம் தெரிஞ்சது."

"என்ன பாரம்?"

"பிள்ளையின்ர."

அவன் றாலைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்.

"எவ்வளவு பாரம் அமலி?"

அவள் அவனைப் பார்த்தாள். இந்த மனிசன் பிள்ளையைத் தூக்கினதே இல்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றுதான் விளங்கியது. எழும்பிப் போய் அரிசிப் பையை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தாள். பாரம் காணாது. ஒரு பருப்புப் பக்கற்றையும் சேர்த்தாள். இரண்டையும் துவாயால் சுற்றி, மறுபடி ஏந்திப் பார்த்தாள்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

கழுவிவிட்டு வந்தான். துவாயை அவன் கையில் வைத்தாள்.

"இவ்வளவுதான். பாலில்லாமல் மெலிஞ்சு போனான். தலைப்பக்கம் பிடியுங்கோ. இல்லை, இப்பிடி."

அவன் பிடித்தான். வாய் கோணியது. பிறகு நிலத்தில் இருந்து, அந்தத் துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெரிதாக அழுதான். பக்கத்து வீட்டு மனிசி கதவைத் தட்டி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அமலினி அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். பல் முளைச்சதோ? ஓம், கீழை ரெண்டு. யாற்ர சாயல்? உங்கட காதுதான். கடைசியில் அந்தக் காலையைப் பற்றியும் கேட்டான். சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

சில நாளில் கை உளைவு நின்றுவிட்டது. நின்றது அவளுக்கு என்னவோபோல இருந்தது. அது கவலையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மலைவீட்டுக் கூட்டம் கலைந்தது. அந்தப் பெண் வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். அந்த மருந்துக்குச் சட்டப்படி அனுமதியுள்ள ஓர் இடத்துக்குச் சிஞ்ஞோரா கூப்பிட்டார். எனக்கு இது போதும் என்றாள் அமலினி. அவர் வற்புறுத்தவில்லை. தெரிந்த ஒரு மனநல வைத்தியரின் பெயரைச் சொன்னார். முதலில் அங்கே போய் வந்தது அல்பேட்தான். மூன்றாவது தடவை அவளையும் கூட்டிப் போனான். அவள் கதைத்தது கொஞ்சம். வைத்தியர் அவசரப்படுத்தவில்லை. இன்றும் போகிறார்கள்.

நவம்பரில் இறந்தோர் நாள் வந்தது. அல்பேட் தமிழ்ப் பூசை வைக்கும் சுவாமியிடம் போய் ஜெனோஜன் என்ற பெயரைப் பூசைக்குக் கொடுத்தான். அன்று, செத்தவர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து வைப்பதாக இந்த ஊர்ச் சனம் சொல்லும் சீனிப் பொம்மை ஒன்றையும் கபோ சந்தையில் வாங்கி வந்தான். குதிரையில் இருக்கும் ஒரு வீரன்.

"இது இருக்கிற பிள்ளையளுக்கெல்லோ" என்றாள் அமலினி.

"இருக்கட்டும்."

பூசையில் பெயர் வாசித்தபோது அல்பேட் அவள் கையைப் பிடித்தான். அவன் பிடி இறுக்கமாக இருந்தது, விரல் நொந்தது. அவள் கையை இழுக்கவில்லை.