அம்மாவின் டிவி இன்னும் மேலே வரவில்லை

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் டிவி இரண்டு. ஹாலில் ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று. இரண்டுக்கும் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டிகளுக்குச் சொந்தமாக டிஸ்க் கிடையாது. ஆன் செய்ததும் அலமாரிக்குள் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக மென்பொருளை வாங்கிக்கொண்டுதான் கண் விழிக்கும்; ஓடும்போதும் வேண்டியதை அங்கிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பதிப்பையும் அங்கே தனித்தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். புதியது மக்கர் செய்தால் பழையதுக்குத் திரும்பிவிடலாம். பெங்களூர் ரயிலில் எதிரே மாட்டுகிறவர்களிடமெல்லாம் இதைப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

வேலூரில் அம்மாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். அம்மா தூக்கி வளர்த்த பிள்ளை. முட்டிவலியால் போக முடியவில்லை, ஆனால் சர்ச்சிலிருந்து பந்திவரைக்கும் நேரலை உண்டு. காலையிலேயே பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, தன் அறை டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். லீவு நாளில் என் கை சும்மா இருக்காது. ஹால் டிவிக்குப் புதிய பதிப்பைப் போட்டேன், ஜம்மென்று ஓடியது. பழையது எதற்கு இடத்தை அடைக்கிறது என்று அந்த ஃபோல்டரை அழித்தேன். அம்மாவின் டிவி அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மண்டையில் உறைக்கவே இல்லை.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். படம் அப்படியே நின்றது. பிறகு இருண்டது.

"இன்னாடா பண்ண?" அம்மாவின் குரல் அடுத்த லைனுக்கே கேட்டிருக்கும்.

அப்பா சுரங்கத்தில் வில்லை கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்த்தவர். ஷாஃப்ட் எனும் சுரங்கக் குழிக்குள் கேஜ் லிஃப்டில் இறங்கும் ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை. ஏறி வந்து அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆள் மேலே வந்துவிட்டதாக அர்த்தம். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"கீழ ஆளு கீறாங்களா இல்லியான்னு பாக்காமயாடா ஷாஃப்ட மூடுவ?"

ஹால் டிவிக்கு வரச் சொன்னேன்; "தாலி கட்டறதே பூட்ச்சி, இனிமே எங்க பாத்தா இன்னா" என்று அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. வேறு டிஸ்கில் வைத்திருந்த நகலைத் தேடி, பழைய பதிப்பை உயிர்ப்பித்து, அம்மாவின் டிவியை எழுப்ப ஒரு மணி நேரம் ஆனது. படம் வந்தபோது பந்தியில் யாரோ ஒருவர் பிரியாணிக்குள் முட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா அதையும் கடைசிவரை பார்த்தாள்.

"வீடியோ அப்டியே இருக்கும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

"அவ அழுவும்போது நானும் கூட அழணும்னு இருந்தேன். அப்புறமா பாத்து அழ அது இன்னா சீரியலா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சாயங்காலமே அப்பா அலமாரிக் கதவில் ஒரு பலகை அடித்தார். பதிப்புக்கு ஒரு ஆணி, டிவிக்கு ஒரு சோடா மூடி. டிவி ஓடும் பதிப்பின் ஆணியில் அதன் மூடி தொங்கும்; மூடி தொங்கும் பதிப்பை அழிக்கக்கூடாது. ஹால் மூடி இதுவரை ஏழு ஆணி தாண்டிவிட்டது. அம்மாவுடையது மட்டும் அன்றைய ஆணியிலேயே துருப்பிடிக்கிறது.

போன வாரம் கெஞ்சிப் பார்த்தேன். "மா, உன் டிவிக்கும் புதுசு போடட்டா? சூப்பரா கீது."

"அந்தப் பொண்ணு இப்ப மாசமா கீறா. கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கறத முழுசா பாத்துட்டு மேல வரேன்" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னிக்கு நீ மட்டும் வூட்ல இருக்காத."