ஈசலுக்கு நடுவே ஓர் ஆவர்த்தனம்

பாடுகிறவர் வாயில் ஈசல் விழுந்தால் என்ன செய்வது?

இப்படி ஒரு கேள்வியை யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், புதுச்சத்திரத்துக் கோயில் பந்தலில், பெட்ரோமாக்ஸ் விளக்குக்காரர் குப்பண்ணன் கேட்டார். பள்ளிக்கூடத்தில் தினமும் ஐம்பது பெண்பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவள் நான். அன்றைக்குக் கேள்வி என் பக்கம் திரும்பியது.

நான் அங்கே ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு காமிரா இருக்கிறது. இந்த வாராந்தரப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்களுக்கு அது தெரிந்த சங்கதிதான் — அதைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாத வாரம் குறைவு. துருத்தி போல மடித்து நீட்டுகிற பழைய காமிரா. சேலத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்காத வீடு கிடையாது. காமிரா இருக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான்.

காமிராவோடு ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. எங்கள் வம்சத்தில் அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு அதுகூடத் தேவைப்பட்டதில்லை. ஆகவே அந்தப் புத்தகத்தைக் கூடத்தில் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழும்படி, சத்தம் போட்டே படித்தேன்.

புத்தகத்தில் எல்லா வெளிச்சத்துக்கும் கணக்கு இருந்தது. கடற்கரைக்கு இத்தனை, பனிமலைக்கு இத்தனை, ஜன்னலோரம் அமர்ந்த சீமாட்டிக்கு இத்தனை... பனிமலைக்கு நான் எங்கே போவேன்? சேர்வராயன் மலையில் பனி பெய்தால் துண்டைத் தலையில் கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். கீற்றுப் பந்தலுக்குள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடக்கிற கச்சேரிக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை.

பளீரென்று எரிகிற பொடியைக் கொளுத்தி எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம். படம் மிஞ்சும். பந்தல் மிஞ்சாது.

மிச்சம் இருப்பது ஒரே வழி. காமிராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணைத் திறந்துவைத்து, விநாடிகளை எண்ணி, மூட வேண்டும். இருட்டுக்குத் தகுந்தபடி பத்தோ, இருபதோ, நாற்பதோ. எண்ணுவதுதானே? பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு வாரம் ஒத்திகை செய்தேன். நான் நாற்பது எண்ணினால் கடிகாரத்தில் சரியாக நாற்பது விநாடி.

அந்தத் தெம்போடு பங்குனியில் ஆட்டையாம்பட்டி விழாவுக்குப் போனேன். திருச்செங்கோட்டு அக்கா தங்கை இருவரின் கச்சேரி. அக்கா மரகதம் பாட்டு. தங்கை நல்லம்மாள் மிருதங்கம். ஆமாம், பெண்தான், மிருதங்கம்தான். எட்டுப் படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் எட்டும் பாழ். சிலதில் அமாவாசை. சிலதில் வெள்ளையடித்த சுவர்.

எங்கே பிசகினேன்? பத்து நாள் மண்டையைக் குடைந்தது.

விடை வகுப்பில் கிடைத்தது. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி பலகையில் தாளம் போட ஆரம்பித்தாள். வகுப்பு முழுவதும் அவள் தட்டுக்கு ஏற்ப ஓடத் தொடங்கியது. ஏழாம் வாய்ப்பாடு குதிரை வண்டி போலப் பறந்தது.

என் எண்ணிக்கையும் அப்படித்தான் பறந்திருக்கிறது! துரிதமான பாட்டில் என் ‘நாற்பது’ இருபது விநாடியில் முடிந்துபோனது. சவுக்கமான பாட்டில் ஒரு நிமிஷத்துக்கு இழுத்தது. நான் எண்ணியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை எண்ணவைத்தது நல்லம்மாளின் மிருதங்கம். அப்பா தறி இடிக்கிற இடியில் ஊர்க்கதையும் பேசிக்கொண்டு இழையையும் பிசகாமல் எண்ணுவார். அது பரீட்சை பாஸ் செய்தால் வருகிற வித்தை இல்லை போலிருக்கிறது.

ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் நல்லம்மாள் வந்து நின்றாள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கலாம்.

“ஏனுங்க டீச்சர், ஆட்டையாம்பட்டியில எடுத்தீங்களே, அதுல என்ர படம் ஒண்ணு கெடைக்குமுங்களா?”

“ஒண்ணும் தேறலைங்க” என்றேன். உண்மையைச் சொல்ல எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது அன்றுதான்.

அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள். காவிரிக் கரையில் ஒரு பெரிய ஊர்ச் சபையிலிருந்து வந்தது. தை மாதம் மரகதத்தின் பாட்டை வைத்துக்கொள்ளச் சம்மதம். ஆனால் மிருதங்கத்துக்கு அந்த ஊர் வித்துவானே போதும். தங்கை வாசிப்பதாகச் சொல்வதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது, திரைக்குப் பின்னால் யாரோ ஆண் வாசிப்பதாகக் கேள்வி. நிஜம்தான் என்றால், கச்சேரி நடக்கும்போது எடுத்த படம் ஒன்று கார்த்திகைக்குள் அனுப்பவும். இதுதான் விஷயம்.

மீசை வைத்த எந்த மிருதங்க வித்துவானிடமாவது இப்படிப் படம் கேட்டிருப்பார்களா?

“நானில்லாம அக்கா போகமாட்டேங்குதுங்க” என்றாள் நல்லம்மாள். “போகலீன்னா, பெரிய ஊர்க் கச்சேரி என்னாலதான் போச்சுன்னு ஆயிருமுங்க. அது மட்டும் போச்சுன்னா, நான் மிருதங்கத்தத் தொடச்சு ஊட்டு மூலையில வெக்க வேண்டியதுதானுங்க. அப்புறம் எந்த ஊர்லீங்க என்னையக் கூப்புடுவாங்க?”

வெள்ளிக்கிழமை புதுச்சத்திரத்தில் கச்சேரி. கார்த்திகைக்குள் அவர்களுக்கு வேறு கச்சேரி இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நடுவில் இருந்த நாலு நாளில் தெருவில் ஒரு கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸை இரவல் வாங்கி, அம்மாவை உட்காரவைத்து, இரண்டு ரோல் பாழாக்கிக் கண்டுபிடித்தேன். விளக்கு நாலு முழத் தூரத்தில் இருந்தால் எட்டு விநாடி போதும். தள்ளிப்போனால் அரை நிமிஷம். அரை நிமிஷம் அசையாமல் இருக்க அம்மாவாலேயே முடியவில்லை, பேச்சு வந்துவிட்டது.

அம்மா துணைக்கு வர, வெள்ளிக்கிழமை புதுச்சத்திரம் போய்ச் சேர்ந்தோம். பார்த்தால் விளக்கு இரண்டும் மேடைக்கு ரொம்பத் தொலைவில், பந்தலின் ஓரக் காலில் தொங்குகின்றன. விளக்கை மேடைக்குக் கிட்டே நகர்த்தச் சொன்னேன். இனித்தான் நீங்கள் முதல் வரியில் படித்த கேள்வி.

“வெளக்கக் கிட்டக் கொண்டாந்தா ஈசலும் கூடவே வருமுங்க” என்றார் குப்பண்ணன். “மழை உட்ட பொழுது பாருங்க. பாடற அம்மணி வாயத் தொறந்தா நேரா உள்ளதான். அப்புறம் யாருங்க பாடறது, நீங்களா?”

“எம்பொண்ணு பாடுனா ஈசலே ஓடிப்போயிரும்” என்றாள் அம்மா. “நீங்க வெளக்க நகத்துங்க.”

குப்பண்ணன் நகர்த்தவில்லை. அவர் சொல்வதில் தப்பும் இல்லை. மரகதம்தான் யோசித்துச் சொன்னார்:

“தனி வாசிக்கறப்ப எனக்குப் பாட்டு இல்லீங்களே. வாய மூடிட்டுத் தாளம்தான போடப்போறேன். அப்பக் கொண்டாந்து வெய்ங்க.”

நடுவில் பாட்டு நின்று, மிருதங்கம் மட்டும் பேசுகிற நேரம்! எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

“சின்ன அம்மணி வாயில போச்சுன்னா?” என்றார் குப்பண்ணன்.

“அவ வாசிக்கறப்ப வாயத் தொறக்கவே மாட்டாளுங்க. மத்த நேரத்துலதான் மூடமாட்டா.”

நல்லம்மாள் அக்காவை முறைத்தாள். குப்பண்ணன் சிரித்துவிட்டார். மேடை ஓரத்தில் ஓர் உரலைக் கவிழ்த்து, விளக்கு வைக்க இடம் செய்துகொடுத்தவரும் அவரே.

இன்னொரு முடிவும் எடுத்திருந்தேன். இந்தத் தடவை நான் எண்ணப்போவதில்லை. என்னை நம்பிப் பட்டது போதும். தலைமையாசிரியையின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிப்போயிருந்தேன். தனிக்கு முந்திய பாட்டில் மரகதத்தின் கையை மட்டும் பார்த்தேன். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டித் திருப்பல் இரண்டு தடவை — எட்டு அட்சரம், தாளத்தின் ஒரு முழுச் சுற்று, ஓர் ஆவர்த்தனம். கடிகாரத்தில் எட்டு விநாடிக்கு ஒரு மயிரிழை குறைவு. தட்டில் திறப்பேன். சுற்றி வந்து அடுத்த தட்டு விழும்போது மூடுவேன். என்னைத் தாளம் இழுத்துக்கொண்டு போகட்டும் — அதுதானே என் கடிகாரம்!

பாட்டு நின்றது. குப்பண்ணன் விளக்குக்குப் பம்பால் காற்றடித்துக் கொண்டுவந்து உரல்மேல் வைத்தார். உஸ்ஸென்று வெளிச்சம் வெளுத்து விரிந்தது. முக்காலியின் கால்களை அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஈசல் வந்தது.

ஒன்று இரண்டல்ல. பந்தலின் இருட்டே இறகு முளைத்துப் புறப்பட்டது போல வந்தது. விளக்கைச் சுற்றிச் சுழன்று மேடையெங்கும் கொட்டியது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் அப்பிய ரவை மாவில் இறகுகள் ஒட்டின. நல்லம்மாளின் தலையில், தோளில், புருவத்தில்... கன்னத்தில் ஒன்று ஊர்ந்தது. நானாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

அவள் இமைக்கவில்லை.

கைகள் இரண்டும் என்ன செய்கின்றன என்று என் கண்ணால் தொடர முடியவில்லை. விரல்கள் இருந்த இடத்தில் ஒரு மினுக்கம் மட்டும். ஆனால் முகம்? அந்தக் கைகளுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு யாருடைய முகமோ போல, அவ்வளவு அமைதி. மூக்குத்தி கூட ஆடவில்லை. இத்தனை ஓட்டத்தையும் ஒரு மனுஷியின் இரண்டு முழங்கைக்கு அந்தப்பக்கம் நிறுத்திவைக்க முடியுமா? மேலே, நிமிர்ந்த கழுத்தில், துளி அசைவு இல்லை.

மரகதத்தின் தட்டு விழுந்தது. திறந்தேன்.

அந்த எட்டு அட்சரமும் எனக்கு மறக்காது. கச்சேரி கேட்டிருக்கிறேன், பார்த்திருக்கிறேன். இப்படி அதன் எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு, திறந்த காமிராவோடு நானும் திறந்து கிடந்ததில்லை. என் நெஞ்சுக்குள் இடிப்பது என் நெஞ்சா, அவள் மிருதங்கமா? தெரியவில்லை. அடுத்த தட்டு விழுந்தபோது என் விரல் தானாக மூடியது. அம்மா மெதுவாகக் கேட்டாள்: “மூச்சு உடலாமா?”

தனி முடிவதற்குள் நாலு படம் எடுத்தேன். விளக்கு பழைய இடத்துக்குப் போனது. ஈசலும் பின்னாலேயே போனது. கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று நல்லம்மாளை மிருதங்கத்தின்மேல் கைவைத்து அசையாமல் உட்காரச் சொல்லி ஐந்தாவதாக ஒன்றும் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் நூல் அடுக்குகிற அறையின் இடுக்குகளில் எல்லாம் பழந்துணியை அடைத்து, சிவப்புக் காகிதம் சுற்றிய விளக்கை வைத்துக் கழுவினேன். மறுநாள் வெயிலில் காகிதத்தில் அச்செடுத்தேன்.

முதல் படத்தில் நல்லம்மாளின் முகம் மூக்குத்திக் கல் வரைக்கும் தெளிவு. மரகதத்தின் கை நாலைந்து கையாக விரிந்திருந்தது. ஈசல்கள் எல்லாம் வெள்ளைக் கோடுகளாகிப் படம் முழுக்க ஓடின. “பாவு நூல ஓட்டின மாதிரி இருக்குது” என்றார் அப்பா. நான் எடுத்ததா இது?

“கை எங்க?” என்றாள் அம்மா.

கை இல்லை. இரண்டு பக்கமும் புகை போல ஏதோ இருந்தது. நாலு படத்திலும் அப்படியே. கையைப் பார்க்கத்தானே சபைக்காரர்கள் படம் கேட்டார்கள்!

மறுநாள் நல்லம்மாள் வந்தபோது ஐந்தாவது படத்தை முதலில் கொடுத்தேன். பத்து விரலும் நகத்தோடு தெரிந்தன. “இத அனுப்பிடலாங்க” என்றேன். “கச்சேரியில எடுத்ததுன்னே எழுதிடலாம். யாருக்குத் தெரியும்?”

ஆமாம், டீச்சர்தான் சொன்னேன்.

அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “இதுல நான் சும்மா உக்காந்திருக்கறனுங்க. மிருதங்கத்தப் புடிச்சுட்டு யாரு வேணும்னாலும் இப்படி உக்காரலாமுங்க.” புகைக் கை படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். “இதுலதானுங்க வாசிக்கறேன். நான் வாசிக்கறப்ப எப்படி இருப்பேன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுதுங்க.”

“கை தெரியலைன்னு சொன்னா?”

“மிருதங்கம் தெரிஞ்சவங்க ஒருத்தராச்சும் அங்க இருப்பாங்கல்லங்க.”

அதைத்தான் அனுப்பினோம். சபையின் பதிலைப் போன திங்கட்கிழமை அவள் தபாலில் எனக்கு அனுப்பியிருந்தாள். தையில் சகோதரிகள் இருவரும் வந்து கச்சேரியை நடத்தித் தரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் பெயரும், பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில். அதன் கீழே இன்னும் இரண்டு வரி: ‘இவ்வளவு அபூர்வமாகப் படம் எடுத்த ஸ்ரீமானுக்கு எங்கள் நமஸ்காரம். அவரையும் உடன் அழைத்து வரவும்.’

கடிதத்தின் ஓரத்தில் நல்லம்மாள் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘டீச்சர், நீங்க படம் எடுக்கற மாதிரி ஒரு படம் அனுப்போணுமாட்ட இருக்குதுங்க. யார எடுக்கச் சொல்றது?’