ஆள் நிறைந்த வீடு

தோங்சுக் முப்பதாண்டுகள் கோன்கேன் நகருக்குப் போகும் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். படிக்கட்டில் தொற்றி நின்று ஊர்ப்பெயர்களைக் கூவுவதும், ஏறுகிறவர்களை வம்புக்கிழுப்பதுமே அவருடைய பிழைப்பு. வண்டியில் இடமில்லாவிட்டால், சாலையோரம் கைநீட்டி நிற்பவர்களைப் பார்த்து முகம் நிறையச் சிரித்துக் கையை ஆட்டுவார். சிரித்துக்கொண்டே கடந்துபோகிறவனை யாரும் திட்டுவதில்லை என்பது அவர் கண்ட உண்மை.

மனைவி இறந்தபின் அவரோடு பேச ஆளில்லாமற் போயிற்று. வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போகும் மகன் பிராயூன், மருமகள் லம்யாய், பேரப்பிள்ளைகள் என எல்லோரும் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றைப் பிட்டுத் தின்றார்கள். அவரவர் கண் மட்டும் அவரவர் கைப்பேசியில் இருந்தது. அவர் ஏதேனும் சொல்லத் தொடங்கினால், "சாப்பிடுங்க மாமா, ஆறிடும்" என்பாள் லம்யாய். அன்பாகத்தான் சொல்வாள், ஆகையால் குறை சொல்லவும் வழியில்லை. இரவில் அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. விடிந்தால் எழுந்திருக்கவும் மனமில்லை.

ஊரின் சுகாதாரத் தொண்டர் வாசனா, செவ்வாய்தோறும் ஸ்கூட்டரில் முதியவர்களைப் பார்க்க வருவாள். அடுத்த வீட்டில் தனிக்கட்டையாக வாழும் கம்பாயின் மூட்டுவலிப் புராணத்தை ஒரு மணி நேரம் 'உம்' கொட்டிக் கேட்பாள். வேலியோரம் நின்று அதைப் பார்த்த தோங்சுக்குக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"எங்க வீட்டுக்கும் ஒரு நடை வாயேன், வாசனா."

வந்தாள். குடும்பமே கூடியிருந்த நேரம் அது. முதியவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விப் படிவத்தைப் பிரித்து வாசித்தாள்.

"ரெண்டு வாரமா மனசு சோர்ந்து, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கா, பெரியப்பா?"

பிராயூன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான். ஆமென்றால், பெற்றவனை மகன் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று ஊர் பேசும்.

"எனக்கென்னம்மா குறை? ராஜா மாதிரி இருக்கேன்."

"அதானே! தோங்சுக்னு பேர்லயே சுகத்தை வெச்சிருக்கீங்க. வீடு நிறைய ஆளு வேற. தனியாக் கெடக்கறவங்களுக்குத்தான் பெரியப்பா நான் வர்றது."

அப்படியானால் தனியாகக் கிடந்தாற்போயிற்று என்று முடிவுசெய்தார் தோங்சுக். பாயையும் கொசுவலையையும் சுருட்டிக்கொண்டு வயல்குடிலுக்குக் குடிபோனார்.

"காவலுக்குப் போறேன்" என்றார் மகனிடம்.

"அறுத்து முடிச்ச வயல்ல எதைக் காக்கப் போறீங்க? எலி வளையையா? ஊரே என்னைக் காறித் துப்பணும், அதானே உங்க ஆசை?"

செவ்வாய் வந்தது. குடிலைக் கூட்டி, குளிர்பானம் இரண்டு வாங்கிவைத்து, என்ன பேசுவதென்றும் யோசித்துவைத்திருந்தார். பேருந்தில் பன்றிக்குட்டிக்குப் பயணச்சீட்டுக் கொடுத்த கதை. அது முடிந்தபின், அன்று மகன் முன்னால் சொல்லமுடியாமற்போன பதில்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டு எழுந்தார். வாசனாவின் பின்னால் பிராயூனும் தன் வண்டியில் வந்து இறங்கினான்.

"என்ன பெரியப்பா இது, சின்னப் பிள்ளையாட்டம்? உங்க மகன் என் வீட்டு வாசல்ல வந்து அழுவுறாரு."

"உக்காரும்மா. ஒரு பன்னிக்கு நான் டிக்கெட்டு கிழிச்ச கதை தெரியுமா உனக்கு?"

"கதையெல்லாம் அப்புறம். முதல்ல கிளம்புங்க."

"ரெண்டு நிமிஷம், வாசனா. உன்கிட்ட மட்டும்..."

அதற்குள் பிராயூன் பாயைச் சுருட்டி வண்டியில் போட்டுவிட்டான். திறக்காத குளிர்பானங்களையும் அவனே எடுத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் அவரை நடுவில் நிறுத்தி, குடும்பம் முழுவதையும் சுற்றி நிற்கவைத்து வாசனா படம் எடுத்தாள். "சிரிங்க பெரியப்பா" என்றாள். சிரித்தார். பிரிந்த முதியவரைக் குடும்பத்தோடு சேர்த்துவைத்தமைக்காக, மாவட்டக் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கினாள். பிராயூனும் அதைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினான்.

அடுத்த செவ்வாயன்று தோங்சுக் வாசலில் வந்து நின்றார். தொலைவில் ஸ்கூட்டர் தெரிந்ததும், பேருந்தை நிறுத்துகிறவரைப்போலக் கையை நீட்டினார். கம்பாயின் வீட்டுப் பக்கம் திரும்பிய வாசனா, அவரைப் பார்த்து முகம் நிறையச் சிரித்துக் கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

தோங்சுக் திட்டவில்லை.