துவைத்துப் போட்ட படங்கு

மனைவி கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போன அன்றே நான் பொறுப்பான புருஷனாகிவிட்டேன். அதுதான் வினை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும்போது அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்குப் படங்கு கதவுக்குப் பின்னால் தொங்கியது. தேயிலைச் சாயமும் மழை ஈரமும் ஏறிக் கறுத்துப்போன படங்கு. அவள் திரும்பி வரும்போது பளிச்சென்று இருக்கட்டுமே என்று சவர்க்காரம் போட்டு, பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் அடித்துத் துவைத்துக் காயப்போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்காக நான் துவைத்த முதல் துணி.

மகளுக்கு ஒன்றரை வயது. நான் நரைத்த தலைக்கு மை பூசத் தொடங்கிய பிறகு வந்து பிறந்தவள். பகல் சாப்பாட்டுக்கு அம்மா கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்ததும், அந்தப் படங்குக்குள் முகத்தைப் புதைத்துத்தான் தூங்குவாள். இப்போது துவைத்ததை விரித்துப் போட்டேன். முகர்ந்து பார்த்தாள். போலி மருந்து விற்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு அழுகை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டால், அங்கே பிள்ளை பார்க்கிற அம்மா அவளை வாந்தியும் கண்ணீருமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“கொஞ்ச நாளைக்கு நீங்களே வச்சுப் பழக்குங்க. தூங்காத பிள்ளைய நான் எப்படி வச்சிருக்கிறது?”

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். காய்ச்சலோ என்று அவள் நெற்றியைத் தொட்டேன், சுட்டது. பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டேன், அதுவும் சுட்டது. குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டைத் தோளில் போட்ட பிறகுதான், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. சிரித்தேன். கூடச் சிரிக்க எங்கள் லய வீட்டு வரிசையில் ஆள் இல்லை. எல்லோரும் மலையில்.

பகலில் மனைவி போன் எடுத்தாள்.

“பாப்பா தூங்குதா?”

“நல்லாத் தூங்குது.”

“அப்ப அழுறது யாரு?”

“நான்தான்.”

அவள் சிரிக்கவில்லை. “தூங்கலன்னா சொல்லுங்க. நான் வந்துர்றேன்,” என்றாள். வந்தால் அந்த வேலை போய்விடும். அது அவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா மலையிலிருந்து வந்தார். மகள் தத்தித் தத்தி ஓடி, அவருடைய ஈரப் படங்கில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். அழுகை நின்றது. நான் துவைத்த கதையைச் சொன்னேன்.

“சவுக்காரம் போட்டுப் பொண்டாட்டியையே கழுவி விட்டுட்டீங்களே தம்பி.”

“ஒங்க படங்கக் குடுங்கக்கா.”

“நாளைக்கு நான் எதக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறது? ஒங்க சாரத்தையா?”

மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, லயத்துக்கு மேலே இருந்த தேயிலையில் ஒரு கை கொழுந்து கிள்ளினேன். பார்த்துவிட்டார் கங்காணி.

“என்னாண்ணே, கைக்குழந்தையோட கொழுந்துக்கு எறங்கிட்டீங்க? பாதிநாள் கூலிக்கு அரைப்பேர் போடவா?”

“பேரெல்லாம் வேணாங்க. வாசன மட்டும் போதும்.”

அவர் ஒன்றும் விளங்காமல் போனார். கொழுந்தைக் கசக்கிப் படங்கு முழுக்கத் தேய்த்துத் தண்ணீர் தெளித்தேன். தரையில் விரித்தால் போதாது என்று தோன்றியது. இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மகள் வந்து முகர்ந்தாள். என் மீசையைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மடியில் முகத்தைப் புதைத்தாள். நான் மூச்சைக்கூடப் பாதிதான் விட்டேன். சுவர்த் தட்டின் மேல் இருந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எழுந்து எடுக்கவில்லை.

மகள் விழித்த பிறகு நானே மனைவிக்கு எடுத்துப் பேசினேன்.

“பாப்பா தூங்கி எந்திரிச்சிருச்சு. சத்தியமா.”

“அப்ப நான் இல்லாமப் பழகிருச்சு,” என்றாள்.

“நீ இல்லாம எங்க? ஒன் படங்குலதான் தூங்குச்சு. நான் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.”

சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “அவுத்து வைங்க. மலையால ஆளுக வந்தா கேலி பண்ணுவாங்க.”

“சரி,” என்றேன்.

மகள் சட்டி மூடிகளை உருட்டி விளையாடப் போய்விட்டாள். வெளியே பனி இறங்கியது. நான் படங்கை அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.