வெயில் தொட்டி

கண்ணாடிக்காரர் பள்ளிக்கூடம் போனது மூன்றே வருடம். இருந்தாலும் ஜன்னலை ஒரு பார்வை பார்த்தே அளவு சொல்லிவிடுவார். எந்தப் பொறியாளரை வேண்டுமானாலும் கூட்டிவந்து நிறுத்துங்கள், அரை நூல் பிசகாது. வெறுங்கையோடு தொடங்கி, சொந்தப் பட்டறையும் அதை ஒட்டி வீடும் எழுப்பிய மனிதர். “என் வேலையில குறை சொல்ல இன்னும் ஒருத்தன் பொறக்கல” என்பார். யாரும் மறுத்ததில்லை.

வீட்டில் அவருக்கென்று இருந்தது ஏழு வயது மகள் மட்டும். மனைவி பிரசவத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளுக்கு நான்கு வயதிலிருந்து வலிப்பு. ஒருமுறை தெருவில் விழுந்து நெற்றி பிளந்தது. கூடி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அன்றோடு தெருவையே தலைமுழுகினார். அவள் வீட்டுக்குள், அவர் பட்டறைக்குள். யாரும் வருவதில்லை, போவதில்லை.

மாத்திரை தவறாமல் கொடுத்தும் வலிப்பு மறுபடி அடிக்கடி வந்தது. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

“வைட்டமின் டி ரொம்பக் கம்மி, கால்சியமும் இறங்கியிருக்கு. வலிப்பு வர அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். சொட்டு மருந்து எழுதறேன். வெயிலும் கொஞ்சம் படட்டும்.”

“வெயில்தானே? வீட்டுக்கே கொண்டாந்துடறேன் பாருங்க!”

சொட்டு மருந்து அலமாரிக்குப் போனது. பத்தே நாளில் கொல்லையில் ஓர் அறை எழுந்தது. சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி.

பக்கத்து வீட்டுச் சலவைக்காரி எட்டிப் பார்த்தாள். “என்னண்ணே, மீன் தொட்டியா?”

“வெயில் தொட்டி! உனக்கும் வேணும்னா வரிசையில வா.”

தினமும் காலை இரண்டு மணி நேரம் மகள் உள்ளே குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வேலிக்கு அப்பால் பிள்ளைகள் பந்து ஆடுவார்கள். அவர்கள் வாய் அசையும், சத்தம் வராது. அவளும் வாயை மட்டும் அசைத்துப் பார்ப்பாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அளவு இன்னும் கீழே போயிருந்தது.

“வெயில்ல விட்டீங்களா?”

“தினம் ரெண்டு மணி நேரம்! நானே கட்டின கண்ணாடி அறை!”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “வைட்டமின் டி உண்டாக்கற கதிரைக் கண்ணாடி தடுத்துடும். வெளிச்சம் வரும், சூடு வரும், அது வராது.”

“என் கண்ணாடியுமா?”

“எந்தக் கண்ணாடியும்தான். சொட்டு மருந்து குடுத்தீங்களா?”

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொட்டு மருந்தைக் கொடுத்தார். பிறகு உளியும் கையுமாகக் கொல்லைக்குப் போனார். நல்ல கண்ணாடியை அவர் கழற்றுவது அதுதான் முதல் தடவை.

“ஏண்ணே பிரிக்கறீங்க?”

“என் வேலையில தப்பு” என்றார், சலவைக்காரியின் முகத்தைப் பாராமல். பிறகு, மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். “பாப்பா வெளிய வருவா. விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை தாயி. வாயில எதையும் திணிக்காத. உடனே என்னைக் கூப்பிடு.”

“இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? விடுங்க, நான் பாத்துக்கறேன்.”

கழற்றிய சட்டத்தைத் தாண்டி மகள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரர் அவளுடைய குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். வேலிக்கு அப்பாலிருந்து, “எனக்கு! எனக்குப் போடு!” என்று அவள் கத்துவது கேட்டது. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்தக் குரல் நிற்கும்போதெல்லாம் பாதி எழுந்தார். மறுபடி கேட்டதும் உட்கார்ந்தார்.